பாட்டுச் சொல்லித்தர ஒருவர் வருகிறார்

"மிஸ், ஞாயித்துக்கெழமை கண்டக்டர் ஒருத்தர் வாராராமே. நம்ம தோட்டத்துக்கு மாத்தலாகி வாராரா?"

கொழுந்து மடுவத்தின் அருகே நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒரு சகோதரி இப்படிக் கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நான் செய்த தவறு புரிந்தது. எங்கள் பெண்கள் பாடல் குழுவுக்குப் பயிற்சி தர ஒருவர் வருகிறார் என்பதைக் கடதாசியில் எழுதி, பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதில் 'கொயர் கண்டக்டர்' என்று பெரிதாக எழுதிவிட்டேன். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் யார்? மலையைச் சுற்றி வந்து வேலை பார்க்கும் உத்தியோகத்தர். கொழுந்து சரியில்லை என்றால் கேள்வி கேட்பவர். பஸ்ஸில் டிக்கட் கொடுக்கும் கண்டக்டர்கூட இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருவார்.

விடயத்தை விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பாட்டுக்குமா கண்டக்டர்? அப்ப பாட்டையும் தராசுல நிறுத்துப் பாப்பாரோ?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்த பிறகு, அந்தச் சகோதரி கேட்டது வேடிக்கை அல்ல என்று எனக்குப் பட்டது. ஆறு நாளும் மற்றவர் நிறுத்துப் பார்க்க வேலை செய்கிற பெண், ஏழாம் நாள் தன் குரலையும் நிறுத்துப் பார்க்க ஒருவரை வரவழைக்க வேண்டுமா? வருபவர் எப்படி வரவேண்டும்? நாம் அவரை எப்படி வரவேற்க வேண்டும்? வாசக சகோதரிகளோடு இதைப் பற்றித்தான் இம்முறை பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நடத்துநர் என்ன செய்கிறார்?

கூட்டாகப் பாடும் குழுவின் முன்னால் நின்று கையசைப்பவரைச் சேர்ந்திசை நடத்துநர் என்கிறோம். பார்ப்பவர்களுக்கு அது காற்றில் ஏதோ எழுதுவதுபோல் தெரியும். உண்மையில் ஒவ்வோர் அசைவுக்கும் பொருள் உண்டு. பொதுவாக வலது கை தாளத்தைக் காட்டும். இடது கை எங்கே மெதுவாகப் பாட வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும், யார் தொடங்க வேண்டும், யார் நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாட்டுத் தொடங்குவதற்கு முன் அவர் மூச்சை இழுப்பார். அதைப் பார்த்து எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுப்பார்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால்தான் இருபது குரலும் ஒன்றாகப் புறப்படும்.

சுவீடன் நாட்டின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்புகூட ஒன்றாகக் கூடிக் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். மூச்சு ஒன்றாவதுதான் அதற்குக் காரணம். சேர்ந்து பாடினால் மனசு ஒன்றாகிறது என்று நம் பாட்டிமார் சொன்னதை, அவர்கள் கருவி வைத்து அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

நடத்துநர் என்ற பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். வேலை புதிதல்ல. கும்மியில் முதலடி எடுத்துக் கொடுக்கும் பெண் ஒரு நடத்துநர்தான். சாவு வீட்டில் ஒப்பாரியைத் தொடங்கி, மற்றவர்கள் சேர இடம் விட்டு, மூச்சு முட்டும் நேரத்தில் அடுத்தவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் மூதாட்டியும் நடத்துநர்தான். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு இளைஞர்களைப் பழக்கும் வாத்தியாரைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. தேவாலயத்தில் நத்தார் பாடல்களுக்குப் பயிற்சி தரும் கொயர் மாஸ்டரையும் நாம் அறிவோம். ஆனால் காமன் கூத்தில் ரதி வேடமும் வழமையாக ஆண்களே போட்டார்கள். வாத்தியாரும் ஆண்தான். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ரதி புலம்பும்போது சேர்ந்து அழுதார்கள். கூட்டத்தின் முன்னால் நின்று பாடுவது பெண்ணுக்கு எளிதாகக் கிடைத்த இடம் அல்ல. அதனால்தான் பெண்கள் குழுவுக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவதைச் சின்ன விடயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு கசப்பான ஞாயிறு

எங்கள் குழுவில் அப்போது 22 பெண்கள் இருந்தார்கள். ஹற்றனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், பிறகு முச்சக்கர வண்டியில் மேலே ஏற வேண்டிய தோட்டம் அது. சீட்டுப் பிடிப்பதற்கும் மரண உதவிக்கும் கூடிய பெண்கள், கூட்டம் முடிந்த பிறகு இருந்து பாடத் தொடங்கினார்கள். அப்படித்தான் குழு பிறந்தது. ஞாயிறு பிற்பகலில் பிள்ளைக் காம்பராவில் கூடுவோம். அன்றுதான் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க அழைப்பதும் அன்றுதான். அவ்வளவுக்கும் நடுவில் ஒன்றரை மணித்தியாலத்தைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தின் விலை அவர்களுக்குத்தான் தெரியும்.

மகளிர் தினம் நெருங்கியது. நிகழ்ச்சிக்குக் குழுவைத் தயார்படுத்த வளவாளர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். பட்டணத்தில் இசை கற்பிப்பவர், படித்தவர். அவரை வரவேற்கும் பொறுப்பு என்னுடையது. நான் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, குழந்தைகளின் நடனம், சிற்றுண்டி என்று நிகழ்ச்சி நிரலை நிரப்பினேன். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பதினொரு மணிக்கு வந்தார். உரைகள் முடிய ஒரு மணியாகிவிட்டது. பெண்கள் காலையில் இருந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் அழுதன. பாடுவதற்கு மிஞ்சியது முக்கால் மணித்தியாலம்.

அவர் ஆர்மோனியத்தில் தன் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்தார். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவது இலகுவாக இருக்கும். பெண்களுக்கு அது வேறு. அந்தச் சுருதியில் கீழே போனால் எங்கள் பெண்களுக்குக் குரல் மடங்கியது, மேலே போனால் கிறீச்சிட்டது. "குரலே இல்லையே" என்றார். சினிமா மெட்டொன்றில் அவர் எழுதிவந்த பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அம்மாயி. நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அடுப்புப் புகையிலும் மலைக் குளிரிலும் கரகரத்துப்போன குரல். அவரைப் பார்த்து வளவாளர் சொன்னார்: "நீங்க பின்னால நில்லுங்க. வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அவர் கெட்டவர் அல்லர். நிகழ்ச்சி நன்றாக வரவேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். போகும்போது பெண்களின் பழைய பாட்டுகள் இரண்டைத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டார். அந்தப் பதிவு எங்கே போனது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிறு வந்தவர்கள் ஒன்பது பேர். அம்மாயி வரவில்லை. வீட்டுக்குப் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கொரலு இல்லையாம்ல. அப்புறம் அங்க வந்து என்னத்தப் பண்றது, தாயி?"

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் எங்கேயும் பாடவில்லை. பேரப் பிள்ளைக்குத் தாலாட்டுக்கூடப் பாடுவதில்லை என்று மகள் சொன்னார். சமூகவியல் படித்த காலத்தில் 'மக்கள் பங்கேற்பு' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். வாயை மட்டும் அசைப்பதுதான் நம் பல நிகழ்ச்சித்திட்டங்களில் பங்கேற்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நமக்கு முன்னே வந்தவர்கள்

பாட்டோடு வெளியிலிருந்து வந்தவர்களை மலையகம் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறது. அவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் மீனாட்சி அம்மையார். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். தோட்டத்துக்குள் வெளியார் நுழையவே முடியாத காலம். நடேசய்யர் புடவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போய்ப் பார்த்தார் என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. அவர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, ஹற்றனைத் தளமாகக் கொண்டு வேலை செய்தார்.

அந்தக் கூட்டங்களில் மீனாட்சி அம்மையார் பாடினார். பாரதியின் பாடல்களையும் தானே எழுதிய பாடல்களையும் பாடினார். தன் பாடல்களை மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அமைத்தார். தொழிலாளரின் துயரமும், இந்திய வம்சாவளியினருக்கு எதிராக அன்று எழுந்த அரசியலும் அவற்றின் பொருள். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் 1940இல் அவை நூலாகவும் வந்தன. எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் பேச்சைவிடப் பாட்டு எளிதாக லயங்களுக்குள் போயிருக்கும். மெட்டு ஏற்கெனவே மக்களிடம் இருந்தது. அவர் கொண்டுவந்தது புதிய பொருளை. அவரிடமிருந்து இந்தப் பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்: சபையிடம் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்கு.

சி.வி. வேலுப்பிள்ளையும் நினைவுக்கு வருகிறார். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். பாராளுமன்றம் வரை போனவர். தோட்டப் பெண்களும் ஆண்களும் பாடிய நாட்டார் பாடல்களைத் தேடித் தேடி எழுதி வைத்தார். அவர் அதைச் செய்யாதிருந்தால் நம் பாட்டிமாரின் எத்தனையோ பாட்டுகள் அவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறார். எம்.பி. சீனிவாசன், சுருக்கமாக எம்.பி.எஸ். 1925இல் பிறந்தவர். 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். திரைப்பட இசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்க முன்னின்றவரும் அவரே. நம்மைப்போன்ற தொழிலாளர் சமூகத்துக்கு இது முக்கியமான செய்தி. பிற்காலத்தில் அவர் சேர்ந்திசையில் மனத்தைச் செலுத்தினார். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்துப் பாரதி பாடல்களையும் வேறு பல மொழிப் பாடல்களையும் பலகுரலில் பாடவைத்தார். மேல்நாட்டுத் தேவாலயப் பாடல்களில் உள்ளதுபோல ஒரே நேரத்தில் வெவ்வேறு குரல் வரிசைகள் ஒலிக்கும். ஆனால் இராகமும் மொழியும் நம்முடையவை. சங்கீதம் படித்தவர்களோடு அவர் நின்றுவிடவில்லை. பாடசாலை ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூட்டுப் பாடல் பழக்கினார். எங்கே அழைத்தாலும் போய், முன்பின் தெரியாதவர்களை ஒரே குழுவாக்கினார். 1988 மார்ச்சில் இலட்சத்தீவுக்குச் சேர்ந்திசைப் பணிக்காகப் போயிருந்தபோதுதான் அவர் உயிர் பிரிந்தது. விருந்தாளி நடத்துநராகவே வாழ்ந்து, விருந்தாளியாகப் போன இடத்திலேயே மறைந்த மனிதர்.

இரண்டாம் முறை

ஒரு வருடத்துக்குப் பிறகு வேறொருவரை அழைக்கும் வாய்ப்பு வந்தது. கொழும்பில் பாடசாலைச் சேர்ந்திசைக் குழுவொன்றை நெடுங்காலம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை. இம்முறை நான் முடிவெடுக்கவில்லை. குழுவிடம் கேட்டேன். "வரட்டும், ஆனா நாங்க சொல்றதக் கேக்கணும்" என்றார்கள். அவர்கள் போட்ட நிபந்தனைகள் நான்கு. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிக்க வேண்டும். பேச்சு, பொன்னாடை எதுவும் வேண்டாம். முதலில் எங்கள் பாட்டு மூன்றைக் கேட்க வேண்டும், அதுவரை எதுவும் சொல்லக் கூடாது. யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லக் கூடாது.

கடைசி நிபந்தனையை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் நான்கையும் கடிதத்தில் அப்படியே எழுதி அனுப்பினேன். ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "நல்ல நிபந்தனைகள். எனக்கும் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமையே வந்து தங்கலாமா?" என்று கேட்டார்.

சனி மாலை வந்தார். பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரின் வீட்டில் தங்கினார். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். குளிரில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வந்து போன பெண்களிடமெல்லாம் பேசினார். அம்மாயி வீட்டுக்கும் நடந்து போனார். பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மாயியின் பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் எப்படித் தூங்குவான்?" என்று மட்டும் கேட்டார். அம்மாயி, "தூங்குவான், தூங்குவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பிற்பகல் பதினேழு பேர் வந்திருந்தார்கள். அம்மாயியும் வந்தார். கதவருகே உட்கார்ந்தார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

ஆசிரியை ஆர்மோனியம் கொண்டுவரவில்லை. பாயில் உட்கார்ந்து மூன்று பாட்டையும் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை பாடுங்க" என்றார். பிறகு எல்லோரையும் எழும்பச் சொன்னார். பாட்டுக்கு முன் உடம்பைத் தளர்த்தவேண்டும் என்றார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நாள் முழுக்க இழுத்த கழுத்து எவ்வளவு இறுகிப்போயிருக்கும்! கழுத்தை மெல்ல இரு பக்கமும் சாய்த்து, தோளைத் தூக்கி இறக்கி, வாயை மூடி 'ம்ம்' என்று முனகச் சொன்னார். "கழுத்து வலி கொறஞ்ச மாதிரி இருக்கு, டீச்சர்" என்று ஒரு சகோதரி சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாதிப் பயம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

பிறகு ஒவ்வொருவரும் தனக்கு இலகுவான உயரத்தில் பாடிக் காட்டினார்கள். அதைக் கேட்டுச் சுருதியைத் தீர்மானித்தார். குரல் உயரமானவர்கள் ஒரு பக்கம், தாழ்ந்தவர்கள் மறுபக்கம். தாழ்ந்த குரல்கள்தான் வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி என்றார். அத்திவாரத்துக்கு ஆள் போதவில்லை என்று சொல்லிக் கதவுப் பக்கம் பார்த்தார். அம்மாயி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

கை இறங்கிய இடம்

நாங்கள் எடுத்துக்கொண்ட பாட்டு, கொழுந்துக்குப் போகும் தாய் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்லும் நேரத்துத் தாலாட்டு. அம்மாயிக்கு அவருடைய தாய் பாடியது. இரண்டு வாரம் கழித்து மகளிர் தினத்தில் மேடையேற வேண்டும். பாட்டு நன்றாகத்தான் வந்தது, ஓர் இடத்தைத் தவிர. கடைசி அடிக்கு முன்னால் ஓர் எழுத்தை அம்மாயி நீளமாக இழுப்பார். ஒரு தடவை ஆறு எண்ணிக்கை வரும், இன்னொரு தடவை பத்து வரும். மற்றவர்கள் தாளத்தோடு போய்விடுவார்கள். பாட்டு அங்கே உடையும்.

ஆசிரியை மூன்று தடவை கையால் எண்ணிக் காட்டினார். மூன்று தடவையும் அம்மாயி இழுத்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. பழைய ஞாயிறு திரும்பி வருகிறதோ என்று பயந்தேன். ஆசிரியை கேட்டார்: "அம்மா, ஏன் அந்த இடத்தில இழுக்கிறீங்க?"

அம்மாயி சொன்னார்: "அந்த எடத்துலதான டீச்சர் புள்ளய எறக்கி விடணும். அது சேலயப் புடிச்சிக்கிட்டு இருக்கும். வெரல ஒவ்வொண்ணாப் பிரிக்கணும். எண்ணிக்கிட்டா விட்டுட்டுப் போக முடியும்?"

காம்பராவில் சத்தமே இல்லை. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அந்த விரல்கள் தெரியும். ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மற்றவர்களிடம் சொன்னார்: "அந்த இடம் வரும்போது நான் கையைக் கீழே விட்டுவிடுவேன். யாரும் என்னைப் பார்க்க வேண்டாம். அம்மாவைப் பாருங்க. அவங்க பிள்ளையை இறக்கி விட்ட பிறகு நாம எல்லோரும் கடைசி அடிக்குப் போவோம்."

மகளிர் தினத்தன்று அப்படியே செய்தார்கள். ஆசிரியையின் கை இறங்கியது. இருபது பெண்களும் அம்மாயியின் பக்கம் திரும்பினார்கள். அம்மாயி அன்றைக்கு எவ்வளவு நேரம் இழுத்தார் என்று நான் எண்ணவில்லை. மண்டபத்தின் பின்னால் நின்ற ஆண்கள் சிலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அந்தப் பாட்டு அதோடு முடியவில்லை. அடுத்த கூட்டத்தில், பால் குடிக்கும் பிள்ளையிடம் வேலை நேரத்தில் போய்வருவதைப் பற்றிப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நாளில் இரண்டு இடைவேளை தரவேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. இதைப் பற்றி நான் கடதாசியும் கையுமாக மூன்று கருத்தரங்கு வைத்திருக்கிறேன். அப்போது வாய் திறக்காதவர்கள், ஒரு தாலாட்டுக்குப் பிறகு வாய் திறந்தார்கள்.

அழைக்க இருக்கும் குழுக்களுக்கு

உங்கள் தோட்டத்திலும் மாதர் சங்கமோ, கோவில் பஜனைக் குழுவோ, தேவாலயப் பாடகர் குழுவோ இருக்கலாம். வெளியிலிருந்து ஒருவரை அழைக்க நினைத்தால், எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. அழைப்பது குழுவின் முடிவாக இருக்கட்டும். ஏன் அழைக்கிறோம், எதைக் கற்க விரும்புகிறோம் என்று முதலில் நமக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

2. குழுவில் எத்தனை பேர், எந்த வயது, எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி வரை இருக்க முடியும் என்பவற்றைக் கடிதத்தில் முன்கூட்டியே எழுதுங்கள். பாட்டைக் கடதாசியில் கொடுத்தால் வாசிக்க முடியாதவர் கூச்சப்படுவார். அடி அடியாகச் சொல்லிக்கொடுக்கும்படி கேளுங்கள்.

3. வரவேற்பு ஐந்து நிமிடத்தில் முடியட்டும். சூடான தேத்தண்ணி, உட்கார நல்ல இடம், ஒருவர் வாயால் வணக்கம், பிறகு நம் பாட்டு. அதைவிடப் பெரிய மாலை கிடையாது.

4. சுருதி பெண்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள். தொண்டை வலித்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீர் குடிப்பது நல்லது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து இருவரை ஒதுக்குங்கள்.

5. நம் பாட்டைப் பதிவு செய்ய விரும்பினால் எதற்கு, எங்கே போடுவார்கள் என்று கேளுங்கள். பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் சேர வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்க விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

6. அவர் போன பிறகு குழுவை யார் நடத்துவது? வந்திருக்கும்போதே நம்மில் இருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கையசைக்கப் பழக்கும்படி கேளுங்கள். விருந்தாளி போனதும் பாட்டு நின்றுவிட்டால், வந்ததில் பயனில்லை.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கும், என்னைப்போல விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். நாம் கொண்டு போகிற சங்கீதம் நல்லதுதான். சுருதி, மூச்சு, தாளம் எல்லாம் அவர்களுக்கும் வேண்டும். அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் குழு முன்பைவிட நன்றாகப் பாடுகிறது என்பதும் உண்மை. ஆனால் கையைத் தூக்குவதற்கு முன் கேட்க வேண்டும். தூக்கிய கையை எங்கே இறக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டக்டரைப் பற்றி என்னிடம் கேட்ட அந்தச் சகோதரிதான் இப்போது எங்கள் குழுவுக்கு முன்னால் நின்று கையசைக்கிறார். போன மாதம் ஒரு நாள் மடுவத்தருகே பார்த்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தோளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, கண்டக்டர் அம்மா, வேலை முடிஞ்சிதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிது மிஸ். ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துருங்க. அம்மாயி புதுசா ஒரு பாட்டு நெனவுக்கு வந்துருக்குன்னு சொல்லுச்சு."